மூன்றாவது சுற்று

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று சுவரில் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் உள்ளே இருந்தால் அது சும்மா இருக்காது. கட்டில் சட்டத்தில் தட்டுவார், குண்டான் மூடியில் தட்டுவார், ஒன்றும் கைக்கு எட்டாவிட்டால் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டிருப்பார். தொடையில் தட்டுவது சுவர் தாண்டி எப்படிக் கேட்கும் என்று கேட்கலாம். எனக்குக் கேட்கும்.

அவருடைய பேரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் மேளக்காரர் என்றால் பத்துப் பேர் இருக்கிறார்கள். பேர் எழுதினால் அவர் ஒருவர்தான். என்னால் அவருக்கு ஏற்கெனவே வந்தது போதும்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். ஊர் மாதா கோயிலைப் பெருக்கித் துடைத்து, பீடத்துக்குப் பூ வைப்பது என் வேலை. கோயில் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். நாலு பேர் கூடின இடத்தில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. பூசை முடிந்ததும் பெண்கள் வாசலில் நின்று பேசுவார்கள், நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அப்படிப்பட்டவள் கூட்டத்தில் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. அது பொய். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பொய்யின் கனம் தெரியாது.

அவர் வீட்டு வாசலில் ஒரு நீல வாளி உண்டு. காலையில் அதில் தண்ணீர் நிறைந்திருந்தால் எங்கோ சாவு மேளம் என்று அர்த்தம். சாவுக்கு அடித்துவிட்டு வருகிறவர் அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டுதான் வாசப்படி ஏற வேண்டும். அதில் அவர் மனைவி கண்டிப்பு. வாளி கவிழ்ந்திருந்தால் கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு. சில நாள் காலையில் நல்லம்பள்ளிப் பக்கம் சாவுக்குப் பறை, மத்தியானம் இண்டூரில் கல்யாண வரவேற்புக்கு, குச்சியால் தட்டினால் ஸ்பீக்கரில் மேளச் சத்தம் வருகிற அந்தக் கரண்டு பேடு, சாயந்திரம் எங்கள் கோயிலில் பாடகர் குழுவோடு ஒத்திகை. மொபெட்டின் பின்னால் மேளங்களைப் பழைய சேலையில் சுற்றி, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டிக்கொண்டு போவார். தூரத்தில் இருந்து பார்த்தால் பிரசவத்துக்கு ஆளைக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும்.

“யோவ், இப்பிடித் தலைக்கு ஊத்திக்கிட்டே இருந்தா சளி புடிச்சு நீயே போயிருவ. உனக்கு யாரு அடிக்கிறது?” என்று மனைவி கேட்பார்.

“நீ இட்லிப் பான மூடிய எடுத்துக்கிட்டு வா. ரெண்டு தட்டு தட்டு. நான் பாட்டுக்குப் போயிருவேன்.”

“நான் தட்டுனா நீ எந்திரிச்சு வந்து, தாளம் தப்புதுன்னு திருத்துவ.”

“தப்புன்னு சொல்ல மாட்டேன்டி. எடம் மாறி விழுதுன்னு சொல்லுவேன்.”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

அது அவர் விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. எந்த அடியையும் அவர் தப்பு என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. மற்ற மேளக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு கட்சி. பம்பைக்காரர்களுக்குப் பேண்டு செட்டைக் கண்டால் இளக்காரம். பேண்டு செட்டுக்காரர்களுக்குப் பறை என்றால் மூக்கு சுருங்கும். இவர் எல்லோர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடக்காரர்களின் தேருக்குப் போய் அவர்கள் ஊர்ப் பறையான தமட்டெ அடித்துவிட்டு வந்து, ஒரு வாரம் அதே நடையில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். பள்ளிவாசல் விழாவில் வட்டமாக உட்கார்ந்து, தப்பு என்கிற கைமேளம் தட்டிப் பாடுகிறவர்கள் ஊருக்கு வந்தபோது, ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து அங்கேயே கிடந்தார்.

ஒரு கல்யாணத்தில் வெளியூர் பேண்டுக்காரன் ஒருவன் அடிக்கிற அடி இழுத்து இழுத்து விழுந்தது. கூட்டம் சிரித்தது. இவர் மட்டும் கைகட்டி நின்று கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: “அக்கா, அந்தாளுக்கு ஒரு காலு குட்டைங்க. நடக்குற மாதிரியே அடிக்கிறான். அது அவன் தாளம். தப்பான அடின்னு ஒலகத்துல ஒண்ணும் கெடையாதுங்க. எடம் தெரியாம வந்து நிக்கிற அடிதான் உண்டு.”

அவர் ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். பேசும்போதுகூடத் தலையைக் குனிந்து எதிராளியின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் பயந்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. என் முகத்தைப் பார்க்காத ஆளிடம் எனக்குப் பேச வரும்.

“அக்கா, இன்னிக்கு எடது காலு லேட்டா வருது. முட்டி வலியா?” என்று ஒருநாள் கேட்டார். முட்டி வலி என்று நான் என் மகனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போனில் இருந்து வருகிற ஒயரின் ஒரு முனையை நீட்டி, “இத காதுல வெச்சுக் கேளுங்க அக்கா” என்றார். நான் கூச்சத்தோடு வாங்கி வைத்தேன். காதுக்குள் யாரோ குதித்து இறங்குவது போல இருந்தது.

“எந்த ஊருப்பா இது?”

“ஆப்பிரிக்காங்க. சாவுக்கு அடிக்கிறாங்களாம். எவ்வளவு சந்தோசமா அடிக்கிறான் பாருங்க.”

“சாவுக்கா?”

“நல்லா வாழ்ந்த மனுசனா இருப்பானுங்க.”

ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் நின்றேன். அறுபது வயதுக்கு மேல் எனக்குக் காது திறந்தது அவரால்தான். அதற்கு அப்புறம் மாவு மில் ஓடினாலும், போர் போடுகிற வண்டி வந்து நின்று இடித்தாலும், உள்ளே ஒரு நடை இருப்பது எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

ஆடி மாதம் வந்தால் சுவரில் பம்பைதான். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஊர் மாரியம்மன் கோயில் பம்பைக் குழுவில் அவர் ஒருவர். அதில் ஓர் அடி உண்டு. கேட்டுக்கொண்டே இருக்கும்போது என் கைவேலை தானாக நின்றுவிடும். இரண்டு சுற்று வரும், சட்டென்று நிறுத்திவிடுவார். தினமும் அப்படித்தான். படி ஏறிக்கொண்டே போய்க் கடைசிப் படி இல்லாமல் நிற்கிற மாதிரி இருக்கும் எனக்கு. நானாக அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

“அத ஏம்ப்பா முழுசா அடிக்க மாட்டேங்கிற?”

அவர் என் காலைப் பார்த்தார். “அது கூப்புடுற அடிங்க அக்கா. அம்மன கூப்புடுறது. வூட்டுல ரெண்டு சுத்துதான். மூணாவது சுத்து கோயில்லதான் போடணும். அது சரியா விழுந்துச்சுன்னா, யாருக்கு வரணுமோ அவங்களுக்கு அருள் வந்துரும். வரும்போது நீ யாரு, என்னா சாதி, என்னா வேதம்னு அது கேக்காதுங்க.”

நான் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் மறுநாள் மத்தியானமும் சுவர்ப் பக்கம்தான் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

இப்போது, அந்தப் பொய்க்குக் காரணமான கூட்டுரோட்டுக்கு வருகிறேன்.

ஆடிக் கடைசியில் மாரியம்மன் திருவிழாவும் எங்கள் மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் சில வருடம் பக்கம் பக்கமாக வந்துவிடும். நான் சொல்லப்போகிற வருடத்துக்கு முந்தின வருடம் அப்படி வந்தபோது, அம்மன் ஊர்வலமும் எங்கள் தேரும் கூட்டுரோட்டில் எதிர் எதிரே மாட்டிக்கொண்டன. யார் மைக்கை நிறுத்துவது என்று பேச்சு வளர்ந்து, எங்கிருந்தோ ஒரு கல் வந்து தேரின் டியூப் லைட்டில் விழுந்தது. இரண்டு பக்கமும் பையன்களுக்கு மண்டை உடைந்தது. அதனால் இந்தத் தடவை போலீஸில் வைத்துப் பேசி, தேர் ஆறு மணிக்கு, அம்மன் எட்டு மணிக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரர்தான் இரண்டு பக்கத்துக்கும் ஆள். ஏழரை வரைக்கும் எங்கள் தேருக்கு முன்னால் பேண்டு மேளம், அப்புறம் ஓடிப்போய் அங்கே பம்பை.

“ரெண்டு பக்கமும் அடிக்கிறேன்னு போற. ரெண்டு பக்கமும் சேந்து உன்ன அடிக்கப் போறாங்க” என்று அன்றைக்குக் காலையில் மனைவி சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. கட்டிலில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் தேர் நகரவில்லை. மழை விட்டதும் அவசர அவசரமாக எடுத்தார்கள். அந்தப் பக்கமும் மழை மறுபடி வந்துவிடும் என்று பயந்து முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். கூட்டுரோட்டில் போன வருடம் நின்ற அதே இடத்தில் இரண்டும் வந்து நின்றன.

நான் தேருக்கு முன்னால், மேளத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பூக்கூடையோடு இருந்தேன். எங்கள் மைக்கில் செபமாலை. அந்தப் பக்கம் பம்பை. எங்கள் ஆட்கள் மைக் சத்தத்தைக் கூட்டினார்கள். அவர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் கையை விரித்து நின்றார்கள். அவர்கள் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் குனிந்து கல் எடுத்ததை நான் பார்த்தேன். ஞானஸ்நானத்தின்போது நான் கையில் வாங்கிய பிள்ளை அவன். ‘கல்லக் கீழ போடுடா’ என்று சொல்ல வேண்டும். என் வாய் திறக்கவில்லை.

அப்போது எங்கள் பேண்டு மேளம் நின்றது. இவர் குச்சிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரெண்டு தாளம் மோதினால் தனக்குப் பல் கூசும் என்று முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். முகம் அப்படித்தான் இருந்தது. அப்புறம் குச்சி இறங்கியது. எங்கள் பேண்டு மேளத்தில், எங்கள் மாதாவின் தேருக்கு முன்னால், அந்தக் கூப்பிடுகிற அடி.

முதல் சுற்றில் எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே இருந்த பம்பைக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் வேகத்தைக் குறைத்து இவர் கைக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது சுற்றில் கூட்டுரோடு முழுக்க ஒரே சத்தம். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிக்க முடியாத ஒரே சத்தம். யாரோ மைக்கை நிறுத்தினார்கள். கல் எடுத்த பையன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான். அவனுடைய தலை ஆடிக்கொண்டிருந்தது, அவனுக்கே தெரியாமல்.

இரண்டோடு நிறுத்துவார் என்று நான் நினைத்தேன். நிறுத்தினால் மறுபடி கூச்சல் எழும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

மூன்றாவது சுற்றை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. கூடை என் கையில் இருந்து போனது தெரியும். முக்காடு விழுந்தது தெரியும். மற்றதை என்னால் எழுத முடியாது. எனக்குப் பயமாக இல்லை, வெட்கமாக இல்லை. வாழ்க்கையில் அந்த ஒரு நேரம்தான் எனக்கு வெட்கம் இல்லாமல் இருந்தது. என் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ என் கையில் வேப்பிலைக் கொத்தை வைத்தார்கள். எங்கள் பெண்கள் அதைப் பிடுங்கி எறிந்து, என் தோளைப் பிடித்து அழுத்தி ரோட்டில் உட்கார வைத்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது பம்பைக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டிருந்தார்கள். தேர் போய்க்கொண்டிருந்தது. ஒரு கல்கூட விழவில்லை.

அதைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. பேசியதெல்லாம் என்னைப் பற்றித்தான். மாதா கோயில் சாவி வைத்திருக்கிறவளுக்கு மாரியம்மன் வந்து ஆடியிருக்கிறது. அவளை ஆட வைத்தது நம்முடைய மேளக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வராந்தாவில், கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவை கூடியது. தலைவர் ஓய்வு பெற்ற வாத்தியார். ஃபாதர் சின்ன வயது, ஊருக்குப் புதிது. மேளக்காரரைத் தூணுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். என்னை எதிர்ச் சுவர் ஓரமாக. என்ன முடிவாகப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரை இனிமேல் கோயிலில் விடுவதில்லை, என்னிடம் இருந்து சாவியை வாங்கிக்கொள்வது.

“எங்க மாதா முன்னாடி நீ அருள் அடி அடிச்சியா, இல்லியா?” என்றார் தலைவர்.

“அடிச்சேனுங்க சார்.”

“பழக்க தோசத்துல கை போயிருச்சா?” இவர் தப்பிக்க ஒரு வழியைத் திறந்து காட்டித் தலைவர் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

“இல்லீங்க. தெரிஞ்சுதான் அடிச்சேன்.”

“இங்க பாருப்பா. தப்பா அடிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. ஃபாதரும் ஏத்துக்குவாரு. கிறிஸ்மஸுக்கு நீயே வந்து அடி.”

“அடி தப்பில்லீங்க சார். அந்த நேரத்துல வேற எத அடிச்சிருந்தாலும் தப்பாயிருக்கும்.”

“இத பாருய்யா, திமிரு!” என்று பின்னால் ஒரு குரல். “அப்ப அந்தம்மா ஆடுனதுக்கு யாரு பதில் சொல்றது?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இத்தனை கண்களை நான் என் கல்யாணத்தில்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. சாவியை இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, பயப்படாம சொல்லுங்க,” என்றார் ஃபாதர். “அன்னிக்கு உங்களுக்கு என்ன ஆச்சு?”

“தல சுத்திருச்சுங்க சாமி,” என்றேன். “காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல.”

மேளக்காரரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மற்ற பாதி என் இடுப்பில் இருந்த சாவி.

என்னைப் பிடித்து உட்கார வைத்த பெண்களில் ஒருத்தி விடவில்லை. “தல சுத்துனா கண்ணு அப்பிடிச் சொருகுமா ஃபாதர்? இந்தக் கையாலதான் புடிச்சேன். நாலு ஆளு பலம் இருந்துச்சு. இவ பொய் சொல்றா.” அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். “ஏன், மேளக்காரரையே கேளுங்க. அருள் வர்றவங்கள வருசம் பூரா பாக்குறவரு. எதுருலதான் நின்னாரு. சொல்லுங்க மேளக்காரரே. அது மயக்கமா, அருளா?”

அவர் வழக்கம்போலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என் கால். அப்புறம் பார்வை கொஞ்சம் மேலே ஏறிச் சாவியைப் பிடித்திருந்த என் கையில் நின்றது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

“மயக்கந்தானுங்க,” என்றார்.

“அதெப்பிடி அவ்வளவு உறுதியா சொல்ற?”

“அருள் வரணும்னா மூணாவது சுத்து சரியா விழணுமுங்க. அன்னிக்கு விழல. நான்...” கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நான் தப்பா அடிச்சுட்டேனுங்க. அடி தப்பு.”

தலைவர் பெரிய மூச்சு விட்டார். “இத மொதல்லயே சொல்றதுக்கு என்னப்பா?” என்றார். எல்லோருக்கும் லேசாகிவிட்டது. யாரோ டீ வாங்கிவரச் சொன்னார்கள். சாவி என்னிடமே இருந்தது.

மறுநாள் காலை என் வாசலில் அவர் குரல். “அக்கா, தல சுத்தல் எப்பிடிங்க இருக்குது?” கையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட். கிண்டலா, நம்பித்தான் கேட்கிறாரா என்று அவர் குரலில் தெரியவில்லை. “பரவால்லப்பா” என்றேன். பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் பிரிக்கவில்லை. அலமாரியிலேயே கட்டி தட்டிப்போனது.

கோயில் வராந்தாவில் சொன்ன பேச்சு ஊரைச் சுற்றி வர எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வாரமே பம்பைக் குழுவின் பெரியவர் அவர் வீட்டுக்கு வந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“கூப்புடுற அடிய தப்பா அடிச்சேன்னு நீயே சபையில சொன்னியாமே. நெசமா?”

“ஆமாங்கண்ணா.”

“நானும் அங்கதான நின்னேன். எனக்கு அப்பிடித் தெரியலியே.”

அவர் குண்டான் மூடியை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

“அடிச்ச கையே தப்புன்னு சொன்னதுக்கு அப்பறம் நான் என்னா பேசுறது? மூணாவது சுத்துல தவறுன கைய வெச்சு நாளைக்கு அம்மன எப்பிடிக் கூப்புடுறது? ஜனம் கேக்கும்ல?”

“கேக்குமுங்க.”

“நீ இனிமே வர வேணாம்ப்பா.”

“சரிங்கண்ணா.”

பெரியவரின் செருப்புச் சத்தம் போன பிறகு மனைவியின் குரல் எழுந்தது. “உன் கையா தப்பா அடிச்சுது? தூக்கத்துலகூட உன் கை தப்பாது. யாருக்காகய்யா இப்பிடிச் சொன்ன? சொல்லு, யாருக்காக?”

என் வாசலில் இருந்து அவர் வாசலுக்குப் பத்து அடி. எழுந்து போய், “எனக்காகத்தாம்மா” என்று சொல்லியிருக்கலாம். முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு கல்கூட இல்லாத அரிசி அது.

அவர் வேலை நிற்கவில்லை. நீல வாளி நிறைந்தும் கவிழ்ந்தும் இருந்தது. பறை, பேண்டு, பேடு எல்லாவற்றுக்கும் போனார். எங்கள் கோயிலில் கிறிஸ்மஸுக்கு அவர் அடித்ததை எல்லோரும் மெச்சினார்கள். பம்பை மட்டும் பழைய சேலை சுற்றியபடி பரணுக்குப் போய்விட்டது. அடுத்த ஆடியில் அம்மன் கோயிலில் வேறு கை அடித்தது. அன்று பூராவும் சுவரில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அவர் உள்ளேதான் இருந்தார். அது எனக்குத் தெரியும். அவர் உள்ளே இருந்து சுவர் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

வழியில் என் காலைப் பார்த்து அவர் எதுவும் சொல்வதையும் விட்டுவிட்டார். நானும் அவர் எதிரே வந்தால் வேலி ஓரமாக ஒதுங்கினேன்.

அதற்கும் அடுத்த ஆடி வருவதற்கு முன் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமட்டெக் குழு ஒன்றில் அவரைச் சேர்த்துக்கொண்டார்களாம். மத்தியானம் சின்ன வேன் வந்தது. கட்டில், குண்டான்கள், மேளங்கள் ஏறின. அவர் மனைவி நீல வாளியை என் வாசலில் வைத்து, “நீங்க வெச்சுக்கோங்க ஆத்தா. அங்க கொழாய் வாசல்லியே இருக்குதாம்” என்றார். வேன் போய்விட்டால் இனி சொல்வதற்கு ஆள் இல்லை.

அவர் வேனுக்குப் பின்னால் நின்று டியூபை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பவில்லை. என் கால் வந்து நின்றது அவருக்குத் தெரியும்.

“தம்பி,” என்றேன். “அன்னிக்கு எனக்குத் தல சுத்தல.”

அவர் கட்டிக்கொண்டிருந்த முடிச்சை முடித்தார். இழுத்துச் சரிபார்த்தார்.

“தெரியுமுங்க அக்கா.”

“எப்பிடி?”

“தல சுத்துறவங்க காலு எங்கெங்கியோ விழுமுங்க. உங்க காலு மூணாவது சுத்துல ஒவ்வொரு அடிக்கும் வந்து விழுந்துச்சு. கடைசியில என் குச்சிக்கு முன்னாடியே விழுந்துச்சுங்க. நான்தான் உங்க பின்னாடி வந்தேன்.” முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “அந்த எடது காலுதானுங்க அக்கா. முட்டி வலி காலு.”

“அப்பறம் ஏம்ப்பா தப்புன்னு சொன்ன?”

“உங்க கை நடுங்குச்சுங்களே.”

டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் போய் முன்னால் மனைவிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வேன் கூட்டுரோடு திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்றேன்.

அன்றைக்குச் சாயந்திரம் கோயில் சாவியைக் கொண்டுபோய் ஃபாதரிடம் நீட்டி, அவரிடமும் அதே பேச்சைச் சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபமாக இருந்தது. அவர் சாவியை வாங்கவில்லை. “இத இப்ப யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா” என்றார். அதனால் எழுதுகிறேன்.

ஆடி பிறந்துவிட்டது. மாரியம்மன் கோயிலில் யாருடைய கையோ அடிக்கிறது. முதல் சுற்று, இரண்டாவது சுற்று. முன்பெல்லாம் இந்த இடத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இப்போது வாசலில், கவிழ்த்த அந்த நீல வாளியின் மேல் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றி வைத்திருக்கிறேன். மூன்றாவது வரும்போது இடது கால் எழுந்தால், எழட்டும்.